வெட்டு... ஒட்டு... தீட்டு!

கல்ச்சுரல்ஸ் வருது. உங்க டீம்ல ஆறு பேர். ஆறு டி-ஷர்ட்டோட முதுகுலயும் அவங்கவங்க பேரு தமிழ்ல இருந்தா கலக்கலா இருக்கும்ல? ஸ்டேஷனரி கடைக்குப் போய் ஸ்டென்சில் கேட்டா, ஏ, பி, சி, டி ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தகடு ஒண்ணை நீட்டுவாங்க. "தமிழ்ல இல்லீங்களா?"ன்னு கேட்டுப் பாருங்க... உங்களை ஏற இறங்கப் பார்ப்பாங்க!

சரி, நாமளே வெட்டிக்கலாம்னு அட்டையை எடுத்து 'க' வரைஞ்சு வெட்டுறீங்க. இடது பக்க வளையத்துக்கு நடுவுல இருக்கிற துண்டு பொத்துனு கீழே விழுந்துடும். 'வ', 'ம'வுக்கும் இதே கதிதான். மூட்டையிலயும் மின்கம்பத்துலயும் தகரம் வெச்சு அடிச்ச எழுத்தைப் பார்த்திருப்பீங்க. எழுத்து நடுவுல சின்னச் சின்ன இடைவெளி இருக்கும். நடுத்துண்டு விழாம இருக்க விட்ட 'பாலம்' அது.

ஸ்டென்சிலை ஸ்டிக்கர்ல வெட்டினா அந்தப் பாலமே தேவையில்லை. நடுத்துண்டு தன்னோட பசையிலயே ஒட்டிக்கிட்டு நிக்கும். தமிழ் எழுத்து என்ன, உங்க கோழிக்கிறுக்கல் கையெழுத்தைக்கூட அப்படியே கொண்டு வரலாம்!

மெஷின் எங்கே?

இதை வெட்டுற குட்டி மெஷினுக்குப் பேரு கிராஃப்ட் கட்டர். பார்க்க பிரின்டர் மாதிரியே இருக்கும். இங்க் தெளிக்கிற இடத்துல ஊசி மாதிரி ஒரு பிளேடு. கம்ப்யூட்டர்ல நீங்க வரைஞ்ச கோட்டு மேலயே அது ஓடும். க்ரிகட், சில்ஹவுட், பிரதர்னு பல கம்பெனி மெஷின்கள் இருக்கு. விலை பல ஆயிரம். அப்பாகிட்ட இப்பவே மனு போட வேண்டாம்! நம்பர் பிளேட் ஸ்டிக்கர் ஒட்டுற கடையில 'கட்டிங் பிளாட்டர்' இருக்குல்ல... அது இதோட பெரியண்ணன். ஃபைலை பென் டிரைவ்ல கொண்டு போய், "வெட்டி மட்டும் கொடுங்கண்ணே, எழுத்தை நாங்களே பிரிச்சுக்கறோம்"னு சொல்லுங்க.

உங்க காலேஜ்ல ஃபேப் லேப் இருந்தா அங்கேயும் விசாரிங்க. அமெரிக்காவோட எம்.ஐ.டி.யில பிறந்த இந்த லேப், 2002-லேயே மகாராஷ்டிராவின் பாபல் கிராமத்துல இருக்கிற விக்யான் ஆசிரமத்துக்கு வந்தாச்சு. வினைல் கட்டர் அதோட வழக்கமான மெஷின்கள்ல ஒண்ணு. ஆனா ஒரு எச்சரிக்கை: பக்கத்துல லேசர் கட்டர் இருக்கேன்னு வினைல் ஸ்டிக்கரை அதுல வெச்சுடாதீங்க. ஸ்டிக்கர் ஷீட் பெரும்பாலும் பி.வி.சி. சூடு பட்டா ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலுக்கும் ஆகாது, மெஷினும் துருப்பிடிக்கும்.

டிசைன்

'இங்க்ஸ்கேப்'னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. கூகுள் ஃபான்ட்ஸ்ல கவிவனார், மீரா இனிமை, பாலூ தம்பின்னு அழகழகான தமிழ் எழுத்துருக்களும் இலவசம். பேரை டைப் பண்ணி, எழுத்தைக் கோடா மாத்துங்க. முக்கியமான விஷயம்... 'கி', 'மி' மாதிரி எழுத்துல இகரக் குறியும் எழுத்தும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கலாம். அப்படியே அனுப்பினா பிளேடு ரெண்டையும் தனித்தனியா வெட்டி, எழுத்துக்குள்ள கோடு போட்டுடும். ரெண்டையும் சேர்த்து 'யூனியன்' கொடுத்துடுங்க. முதல் முயற்சிக்குக் கோடு 3 மில்லிமீட்டராவது தடிமனா இருக்கட்டும்.

வெட்டு

பிளேடு ஸ்டிக்கரை மட்டும் வெட்டணும், அடியில இருக்கிற பேப்பரைத் தொடக்கூடாது. அதனால ஓரத்துல ஒரு சின்னச் சதுரத்தை வெட்டி டெஸ்ட் பண்ணுங்க. சதுரம் சுலபமா உரிஞ்சு, பேப்பர் முழுசா இருந்தா ஓகே.

அடுத்து, தேவையில்லாததைப் பிடுங்கணும். 'வீடிங்'னு சொல்வாங்க... நம்ம ஊர் களையெடுப்புதான்! நம்பர் பிளேட்டுக்கு எழுத்தை வெச்சுக்கிட்டு மத்ததை உரிப்பாங்க. நமக்கு நேர் தலைகீழ். எழுத்தைப் பிடுங்கிட்டு, சுத்தி இருக்கிறதையும் நடுத்துண்டையும் விடணும். ஊசியோ ட்வீசரோ போதும்.

ஒட்டு

மேலே அகலமான மாஸ்கிங் டேப்பை ஒட்டி, பழைய ஏ.டி.எம். கார்டால தேய்ங்க. அடிப் பேப்பரை உரிச்சா, நடுத்துண்டுகள் இடம் மாறாம டேப்போட வரும். துவைச்சு அயர்ன் பண்ணின டி-ஷர்ட் மேல அழுத்தி ஒட்டி, டேப்பை மட்டும் மெதுவா எடுங்க. டி-ஷர்ட்டுக்குள்ள ஒரு அட்டை வைக்க மறக்காதீங்க. இல்லேன்னா முதுகுல இருக்கிற பேரு நெஞ்சுலயும் வரும்!

தீட்டு

ஃபேப்ரிக் பெயின்ட்டை ஸ்பாஞ்சுல தொட்டு, பேப்பர்ல ஒத்தி எடுத்துட்டு, லேசா தட்டுங்க. மெல்லிசா ரெண்டு மூணு கோட் போதும். ஒரேயடியா அப்பினா ஓரத்துல கசியும். கடைசி கோட் முழுசா காயுறதுக்கு முன்னாடியே ஸ்டிக்கரை உரிச்சா ஓரம் கத்தி மாதிரி நிக்கும். காய்ஞ்ச பிறகு, பாட்டில்ல சொல்லியிருக்கிறபடி அயர்ன் பண்ணுங்க.

துணியில ஒட்டின ஸ்டிக்கர் ஒரு தடவைக்குத்தான். அறுபது டி-ஷர்ட்டுக்கும் ஒரே டிசைன்னா பேசாம ஸ்கிரீன் பிரின்டிங் போயிடுங்க. ஆளுக்கொரு பேரு, ஒரே ஒரு போஸ்டர்... இதெல்லாம்தான் இந்த ஸ்டென்சிலோட ஏரியா.

ஹாஸ்டல் சுவர்ல முயற்சி பண்றீங்களா? சுண்ணாம்பு அடிச்ச சுவர்னா ஸ்டிக்கரோட சுண்ணாம்பும் பெயர்ந்து வரும். வார்டன்கிட்ட பெர்மிஷன் வாங்குங்க. தெருச்சுவர் பக்கம் போகவே வேண்டாம். பொது இடங்களை அலங்கோலப்படுத்துறதைத் தடுக்கத் தமிழ்நாட்டுல 1959-லேயே சட்டம் வந்தாச்சு!

வாங்கத்தான் போறீங்கன்னா...

ஒரு சம்பவத்தை ஞாபகம் வெச்சுக்கங்க. 2021 மார்ச்சில் க்ரிகட் கம்பெனி ஒரு அறிவிப்பு விட்டுச்சு. மாசச் சந்தா கட்டாதவங்க, சொந்த டிசைனை மாசத்துக்கு 20 தடவைதான் அப்லோட் பண்ணலாமாம். மெஷின் வாங்கினவங்க கொதிச்சுப் போக, கம்பெனி திட்டத்தைக் கைவிட்டுடுச்சு. மெஷின் உங்க வீட்டுல, சாவி மட்டும் அவங்க கையிலன்னா எப்படி? இன்டர்நெட் இல்லாம ஓடுமா, நம்ம ஃபைலை அப்படியே ஏத்துக்குமா... இந்த ரெண்டு கேள்வியையும் கேட்டுட்டு அப்புறம் பர்ஸைத் திறங்க.

அதுவரைக்கும் இருக்கவே இருக்கு தெருமுனை ஸ்டிக்கர் கடை. ஒரு ஞாயித்துக்கிழமையும் ஒரு ஸ்பாஞ்சும் போதும் ஃப்ரெண்ட்ஸ். தலையெழுத்து எப்படியோ, கையெழுத்தாவது முதுகுல ஜொலிக்கட்டும்!