கொறங்காடும் சிறு வேளாண் குடும்பத்தின் பருவ வாழ்வும்

கொறங்காடு (கொரங்காடு என்றும் எழுதுவர்) என்பது தமிழ்நாட்டின் கொங்குப் பகுதியில் வழிவழியாகப் பேணப்பட்டு வரும் மேய்ச்சல் நிலம் ஆகும். இது ஊர்ப் பொது நிலம் அன்று. குடும்பங்களுக்குச் சொந்தமான நிலம். திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில், குறிப்பாகக் காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரங்களில் இதனைக் காணலாம். சில ஏக்கர் நிலம், சில காங்கேயம் மாடுகள், ஒரு பட்டி செம்மறியாடுகள் ஆகியவற்றை நம்பி வாழும் சிறு குடும்பங்களின் ஆண்டு முழுவதும் இந்நிலத்தைச் சுற்றியே அமைகிறது.

நிலத்தின் அமைப்பு

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இப்பகுதி அமைந்துள்ளதால் தென்மேற்குப் பருவமழை குறைவு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே முதன்மையானது. பாசன வசதி இல்லாத நிலத்தில் பயிரைவிடப் புல் உறுதியான விளைச்சல் தரும்.

கொறங்காட்டில் மூன்று அடுக்குத் தாவரங்கள் உள்ளன. தரையில் கொழுக்கட்டைப் புல்லும் நரிப்பயறு போன்ற பயறு வகைக் கொடிகளும் வளர்கின்றன. இடையிடையே வெள்வேல மரங்கள் நிற்கின்றன. இவற்றின் நிழலில் மாடுகள் படுக்கின்றன, காய்களைத் தின்கின்றன. சுற்றிலும் முள் நிறைந்த கிளுவை உயிர்வேலியாக அமைகிறது. வேலி அடைப்பாக இருந்தால் மேய்ப்பவர் உடனிருக்கத் தேவையில்லை. ஆள் குறைவான குடும்பத்துக்கு இது பெரிய உதவியாகும்.

ஆண்டுச் சுழற்சி

சித்திரை, வைகாசி: கோடை மழை பெய்தால் வெறுந்தரையாகக் கிடக்கும் காட்டில் புல் துளிர்க்கத் தொடங்கும். அப்போது உடனே மாடுகளை விடுவது தவறு. துளிரைக் கடித்துவிட்டால் வேர் வலுவிழந்து, புல் தூர் கட்டாது. ஆகவே அதுவரை கட்டுத்தரையில் சோளத்தட்டு போட்டே மாடுகளை வைத்திருப்பர். கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேர்த்திருவிழாவை ஒட்டிய மாட்டுச் சந்தை நடைபெறுவதும் சித்திரையில்தான்.

ஆனி, ஆடி: பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வலுவாக வீசும் காலம். மண்ணின் ஈரம் விரைவில் உலர்ந்துவிடும். ஆடி முதல் புரட்டாசி வரை, மழை கிடைக்கும் பொழுதைப் பார்த்து, ஒரு பகுதி நிலத்தில் சோளமும் கொள்ளும் விதைப்பர். சோளத்தில் தானியத்துக்கு நிகராகத் தட்டும் மதிக்கப்படுகிறது.

ஐப்பசி முதல் மார்கழி வரை: புல் செழிக்கும் காலம். காட்டைப் பல அடைப்புகளாகப் பிரித்து, ஒன்றில் மேய்ந்த பின் அடுத்ததற்கு மாடுகளை மாற்றுவர். ஓர் அடைப்பையாவது விதை முற்றி உதிரும் வரை திறக்காமல் வைப்பர். அந்த விதையே அடுத்த ஆண்டின் புல்.

தை: சோளம் அறுத்துத் தட்டைப் போராக அடுக்குவர். மாட்டுப் பொங்கல் இங்குப் பட்டிப் பொங்கல் எனப்படுகிறது. பட்டியில் சிறு தெப்பக்குளம் வெட்டி நீர் நிரப்பி வழிபடுவது வழக்கம்.

மாசி, பங்குனி: புல் காய்ந்து நின்றாலும் தீவனமாகும். வேலியில் விழுந்த இடைவெளிகளில் கிளுவைப் போத்துகளை நட்டு அடைப்பர்.

பட்டறிவு தரும் பாடங்கள்

முதல் பாடம், மாடுகளின் எண்ணிக்கையைப் புல் பசுமையாக இருக்கும்போது முடிவு செய்யாமல், கோடையைக் கணக்கிட்டு முடிவு செய்வது. தை மாதத்தில் போரின் அளவையும் காட்டில் நிற்கும் புல்லையும் பார்த்து, எத்தனை உருப்படிகளைக் காக்க முடியும் என்று கணக்கிட வேண்டும். பங்குனி வரை தயங்கினால் எல்லோரும் விற்க வருவர்; விலை சரிந்துவிடும். விற்காமல் வைத்திருந்தால் பசி தாளாத மாடுகள் புல்லை வேரோடு மேய்ந்துவிடும். ஓர் ஆண்டின் வறட்சி அவ்வாறு பல ஆண்டு இழப்பாக மாறுகிறது.

இரண்டாவது, வறட்சியில் வாடி நிற்கும் இளஞ்சோளத்தை மாடு மேய விடக்கூடாது. அதில் ஐதரசன் சயனைடு நஞ்சு மிகுந்திருக்கும். மேய்ந்த சிறிது நேரத்திலேயே மாடு இறக்கக்கூடும். தீவனம் இல்லாத வேளையில் கண்ணெதிரே பச்சையாகத் தெரிவதால் இத்தவறு எளிதில் நேர்கிறது.

மூன்றாவது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காட்டை உழுது, கம்போ சோளமோ விதைத்துப் பின் மீண்டும் புல்லுக்கு விட வேண்டும். இறுகிய மண் இளகுவதால் மழைநீர் உள்ளிறங்கும். உதிர்ந்து கிடக்கும் புல் விதைகளும் முளைக்கும்.

இன்றைய நிலை

டிராக்டரும் பம்புசெட்டும் வந்தபின் ஏருக்கும் கவலை இறைப்புக்கும் காளைகளின் தேவை குறைந்தது. அதனால் காங்கேயம் மாடு வளர்ப்போரும் குறைந்தனர். பல கொறங்காடுகள் மனைகளாகவும் பிற பயன்பாட்டு நிலங்களாகவும் மாறியுள்ளன. கவனிப்பற்ற இடங்களில் சீமைக்கருவேலம் பரவியுள்ளது. வேலியை ஆண்டுதோறும் அடைக்கவும், எந்த அடைப்பை எப்போது திறப்பது என்று முடிவு செய்யவும் வீட்டில் ஒருவர் இருந்தால்தான் கொறங்காடு நிலைக்கும். அந்த அறிவு ஏட்டில் எழுதி வைக்கப்பட்டதன்று. பெரியவர்களுடன் காட்டுக்குச் செல்லும் பிள்ளைகளின் வழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது.