சக்கர வீடு – 11: விடியுமுன் விழிக்கும் கம்பம்

தேனியில் வழி தவறுவது கஷ்டம். நேரு சிலையருகே நின்றால் மதுரை சாலை, பெரியகுளம் சாலை, கம்பம் சாலை என மூன்று பக்கமும் ஊர் நீண்டு கிடக்கிறது. மதுரையிலிருந்து பிரிந்து 1996-ல் தனி மாவட்டமானது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே தேனி ஒரு சந்தை ஊர். என்னைப்போல வேனில் வருகிறவர்கள் சிலைப் பக்கத்து நெரிசலுக்குள் வண்டியை விடவேண்டாம். ஊருக்கு வெளியே யாரையாவது கேட்டு, நிழல் பார்த்து நிறுத்திவிட்டு நடந்து போங்கள். வாழைத்தார் ஏற்றும் லாரிகளையும் கமிஷன் கடைகளையும் ஏலக்காய் வாசத்தையும் நடந்தால்தான் பார்க்க முடியும்.

ஒரு பகல் தேனிக்குப் போதும். இரவுக்கு நான் தேர்ந்தது கம்பம் பள்ளத்தாக்கு. திண்டுக்கல்லிலிருந்து குமுளிக்குப் போகும் 183-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் தாண்டிக் கம்பம் வரை, வலக்கைப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையும் இடக்கைப் பக்கம் மேகமலையும் கூடவே வருகின்றன. நடுவே நெல், வாழை, தென்னை, திராட்சை. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலை அழகானது. ஆனால் 2021 முதல் மேகமலை புலிகள் காப்பகம். இருட்டுமுன் இறங்கிவிட வேண்டும், மேலே வண்டியில் படுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே கூடாது.

சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்து ஓரத்தில் அனுமதி வாங்கி நிறுத்தினேன். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, அதன்மேல் கொடியைப் படரவிட்ட பந்தல். உள்ளே போனால் உச்சி வெயிலிலும் பச்சை இருட்டு. தலைக்கு மேலே கொத்துக் கொத்தாகக் கறுப்புப் பன்னீர் திராட்சை. பழத்தின் மேல் வெள்ளையாகச் சாம்பல் படிந்தாற்போல் ஒரு பூச்சு இருக்கும். பறிக்கிற பெண்கள் காம்பை மட்டும் பிடித்து வெட்டுகிறார்கள். விரல் பட்டால் அந்தப் பூச்சு அழிந்துவிடும், சந்தையில் பழசு என்பார்கள். கவாத்து பண்ணினால் சுமார் நான்கு மாதத்தில் அறுப்பு. ஒவ்வொரு தோட்டக்காரரும் ஒவ்வொரு சமயத்தில் கவாத்து பண்ணுவதால் வருஷம் முழுக்க இங்கே எங்காவது பழம் இருக்கிறது. நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் கிடைக்காத வசதி இது. கம்பம் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது.

“ஏத்தா, தனியாவா வந்துருக்க? வண்டிக்குள்ளயே சோறாக்கிக்கிருவியா?” என்று ஒரு பாட்டி கேட்டார். உள்ளே கூட்டிப்போய் அடுப்பு, கட்டில், தண்ணீர்த் தொட்டி எல்லாம் காட்டினேன். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, “அதெல்லாஞ் சரி, வெளிக்கிப் போக என்ன பண்ணுவ?” என்றார். வேன் வாழ்க்கையைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதுதான் சரியான கேள்வி. அவரே பதிலும் வைத்திருந்தார். தோட்டத்து வீட்டுக் கழிப்பறையைத் திறந்துவிட்டார்.

பின்னிரவில் கம்பத்துக்குள் வந்தேன். மூன்றரை, நான்கு மணிக்கெல்லாம் டீக்கடைகளில் பாய்லர் கொதிக்கிறது. ஜீப்புகள் வரிசையாக நிற்கின்றன. தலையில் துண்டு கட்டி, சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, கையில் தூக்குவாளியோடு பெண்கள் வந்தபடி இருக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு என்று மூன்று மலைச்சாலைகளிலும் தினமும் இந்த ஏற்றம் நடக்கிறது. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் மனம் பதறும். கொண்டை ஊசி வளைவுகளில் அந்த ஜீப்புகள் கவிழ்ந்த செய்தி அவ்வப்போது பத்திரிகையில் வருகிறது, இரண்டு நாளில் மறந்தும் போகிறது.

லாட்ஜில் தங்கி எட்டு மணிக்கு இட்லி சாப்பிட இறங்குகிறவருக்கு இந்தக் கம்பம் தெரியாது. அவர் எழும்போது ஊரின் ஒரு பகுதி மலைக்கு அப்பால் காய் எடுத்துக்கொண்டிருக்கும்.

வெளிச்சம் வந்ததும் லோயர் கேம்ப் போனேன். மலையிலிருந்து நான்கு பெரிய குழாய்கள் மின்நிலையத்துக்கு இறங்குகின்றன. மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றைக் கிழக்கே திருப்பிய தண்ணீர் அது. 1886-ல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை; அடுத்த ஆண்டு தொடங்கிய வேலை 1895-ல் முடிந்தது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கருங்கல்லும் கொண்டு ஜான் பென்னிகுவிக் கட்டிய அணை. மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் மேல் சுரங்கம். பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல், கீழே வைகை அணை, அதற்கும் கீழே மதுரை, ராமநாதபுரம் வரை இந்தத் தண்ணீரின் கணக்குதான். லோயர் கேம்ப்பில் 2013-ல் திறந்த பென்னிகுவிக் மணிமண்டபம் இருக்கிறது; ஜனவரி 15 அவர் பிறந்த நாள், இங்கே பொங்கல் வைக்கிறார்கள். பல வீடுகளில் சாமி படங்களோடு அவர் படமும் மாட்டியிருக்கிறது. அது நியாயமான நன்றி.

தண்ணீர் மலையை விட்டு இறங்குகிறது. ஆட்கள் மலைமேல் ஏறுகிறார்கள். முதலாவதற்கு மண்டபமும் சிலையும் அணையின் நீர்மட்டம் பற்றிய உச்ச நீதிமன்ற வழக்குகளும் உண்டு. அந்த வழக்குகளும் வேண்டியவைதான். அணையில் தேக்க அனுமதித்த 142 அடி என்பது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். இரண்டாவதற்கு, பெண்கள் ஜீப்புக்குக் காத்திருக்கும் இடத்தில், நான் பார்த்தவரை, ஒரு கூரைகூட இல்லை. டீக்கடையில் என் பக்கத்தில் நின்ற அக்காவிடம் பாட்டியின் கேள்வியைக் கேட்டேன். “வீட்டுலயே முடிச்சுட்டு வந்துருவோம். அப்புறம் தோட்டத்துக்குப் போயித்தான், மறைவு பாத்து” என்றார்.

கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை வகுத்தது. மலைக்கு அந்தப் பக்கம் வாகமணில் கேரவன் பூங்காவும் வந்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவனுக்கு இடம் உண்டு. நாளைக்கு கம்பத்திலும் ஒரு பூங்கா வரலாம். வேனில் வருகிற எனக்கு வேண்டியது என்ன? இரவு முழுதும் எரியும் விளக்கு, ஒரு குடிநீர்க் குழாய், பூட்டாத சுத்தமான கழிப்பறை. ஜீப்புக்கு நிற்கிற பெண்களுக்கு வேண்டியதும் அதேதான். பூங்காவை ஊருக்கு வெளியே வேலி போட்டுக் கட்டாமல், ஜீப் நிற்கும் இடத்தருகே இந்த மூன்றையும் நகராட்சி செய்துகொடுத்தால் போதும், நான் அங்கேயே நிறுத்திக்கொள்வேன்.

போடிநாயக்கனூர் வழியாகத் திரும்பினேன். இடுக்கித் தோட்டங்களின் ஏலக்காய் ஏலத்துக்கு வரும் ஊர்களில் இது ஒன்று. மதுரையிலிருந்து வரும் அகல ரயில் பாதை 2023-ல் இங்கே வந்து சேர்ந்தது. ஒரு வீட்டுத் திண்ணையில் பெண்கள் முறத்தில் காயைப் பரப்பித் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வெடித்தது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம். எட்டு எம்.எம். பருமனில் கரும்பச்சையாக இருப்பதற்குத்தான் நல்ல விலை. கண் எடுக்காமல், விரல்களாலேயே அளந்து தள்ளுகிறார்கள். கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் போடிமெட்டு ஏறுகிறேன். வேனை அடிவாரத்தில் விட்டுவிட்டு, இடம் கொடுத்தால் தோட்டத்துக்குப் போகும் பெண்களோடு ஜீப்பில்.