முன்பாரம், பின்பாரம்

முன்பு கரும்பை ஆலைக்கு ஒரு ஜோடி மாடு இழுத்துப் போனது. நாள் முழுக்க நடக்கும் அந்த ஜோடியின் வலு ஏறக்குறைய ஒரு குதிரைத்திறன். இன்று நெல்லிக்குப்பம், மூங்கில்துறைப்பட்டு ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டருக்கு நாற்பது, ஐம்பது குதிரைத்திறன். மாடு மணிக்கு நாலு கிலோமீட்டர் நடந்தது. டிராக்டர் பாரத்தோடு இருபது போகிறது. இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொண்டால் பழையதைப் பற்றிப் பேசவே ஒன்றுமில்லை. ஆனால் வண்டிக்காரருக்குக் கையோடு பழகியிருந்த ஒரு விஷயத்தை டிரெய்லர் வாங்குகிறவரும் கற்றுத்தான் ஆக வேண்டியிருக்கிறது. பாரம் எவ்வளவு என்று கேட்டால் மட்டும் போதாது. அது வண்டியில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

கட்டை வண்டிக்கு இரண்டே சக்கரம். குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் உறுதியான வேல மரம். அதன் மேல் கொல்லர் காய்ச்சி மாட்டிய இரும்புப் பட்டை. இருசுக்கு, அதாவது அச்சுக்கு, வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மை. பதினைந்து மூட்டை நெல் ஏற்றினால் வண்டி நிறைந்துவிடும். மொத்தம் ஒரு டன்னுக்குள். ஏற்றி முடித்ததும் வண்டிக்காரர் நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். கனத்தால் முன்பாரம், மாட்டின் கழுத்து புண்ணாகும். தானாகவே மேலெழும்பினால் பின்பாரம், மேடு ஏறும்போது, மாட்டை நுகத்தோடு பூட்டும் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். இரண்டொரு மூட்டையை முன்னே பின்னே நகர்த்துவார். அதற்கும் சரிப்படவில்லையென்றால் வழியெல்லாம் தன் உடம்பையே எடைக்கல்லாக்கி, மேட்டில் முன்னே தள்ளியும் இறக்கத்தில் பின்னே சாய்ந்தும் உட்கார்வார். நுகம் கழுத்தில் படிய வேண்டும், அழுத்தக் கூடாது. அளவு அவ்வளவுதான். அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

நடுவில் டயர் வண்டி வந்தது. டன்லப் வண்டி என்றும் சொன்னார்கள். காற்றடைத்த டயரும் பேரிங்கும் வந்ததால் இரும்புப் பட்டை தார்ச்சாலையைக் கீறுவது நின்றது. அதே ஜோடி மாடு இரண்டு டன் வரை இழுத்தது. மாட்டுக்கு டயர் தந்த சுகத்தை மனிதர் அப்போதே கூடுதல் பாரமாக வசூலித்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். பெங்களூர் ஐ.ஐ.எம்.மின் இயக்குநராக இருந்த என்.எஸ். ராமசாமி, நாட்டின் சரக்கில் பெரும்பங்கு மாட்டு வண்டியில்தான் போகிறது, நுகத்தையும் சக்கரத்தையும் திருத்துங்கள் என்று 1970களிலும் 80களிலும் விடாமல் சொல்லிவந்தார். அவர் சொன்னது சரி. ஆனால் காலம் டிராக்டர் பக்கம் சாய்ந்துவிட்டது. 1961-62இல் இந்தியாவில் தயாரான டிராக்டர்கள் 880. இப்போது ஓராண்டில் விற்பவை ஒன்பது லட்சத்தைத் தாண்டுகின்றன.

டிராக்டர் வாங்கியவர் அடுத்துப் போய் நிற்பது டிரெய்லர் செய்யும் பட்டறையில். உழவு வேலை வருடத்தில் சில வாரங்களுக்குத்தான். மீதி நாளில் கடன் தவணையைக் கட்டித் தருவது பின்னால் மாட்டும் பெட்டிதான். அங்கே முதலில் முடிவு செய்ய வேண்டியது, இரண்டு சக்கரமா, நான்கு சக்கரமா. இரண்டு சக்கர டிரெய்லரின் பாரத்தில் ஒரு பங்கு கொக்கி வழியாக டிராக்டரின் பின்சக்கரத்தில் இறங்குகிறது. ஈரமான வயலில் சக்கரம் வழுக்காமல் மண்ணைக் கவ்வ அது உதவும். பின்னோக்கி எடுப்பதும் சுலபம். ஆனால் அந்தப் பங்கு மிஞ்சினால் டிராக்டரின் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும், ஸ்டியரிங் கைக்கு அடங்காது. கரும்புக் காலத்தில் பானெட்டின் மேல் இரண்டு பேரை உட்காரவைத்து மேடேற்றுவதைப் பார்த்திருக்கிறோம். பழைய வண்டிக்காரர் செய்ததும் அதுவே. அவர் விழுந்தால் பெரும்பாலும் சிராய்ப்போடு போகும், இவர்கள் விழுவது ஓடும் சக்கரத்தின் முன்னால். நான்கு சக்கர டிரெய்லர் தன் பாரத்தைத் தானே சுமக்கும், அதிகமும் ஏற்றும். அதைப் பின்னோக்கித் தள்ளத்தான் நல்ல கைப்பழக்கம் வேண்டும். என்னைக் கேட்டால், சேற்று வயலிலிருந்து களத்துக்கு இரண்டு சக்கரம், தார்ச்சாலையில் ஆலைக்கு நான்கு சக்கரம் என்பேன்.

பட்டறையில் தகட்டின் கனத்தையும் ஹைட்ராலிக் ஜாக்கியையும் தட்டித் தட்டிப் பார்க்கிறவர்கள் பிரேக்கைக் கேட்பது குறைவு. தனியாக பிரேக் இல்லாத டிரெய்லர்கள் ஏராளம். இறக்கத்தில் அத்தனை டன்னையும் டிராக்டர் மட்டுமே பிடித்து நிறுத்த வேண்டும். பிடி தளர்ந்தால் பெட்டி முன்னே தள்ளி வண்டியையே மடக்கிவிடும். இரவிலும் இதே அலட்சியம். அன்று இருசுக்கடியில் ஓர் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே வரும். இன்று பின்விளக்கும் இல்லாமல், ஒளிரும் பட்டையும் ஒட்டாமல், கரும்புத் தோகை வெளியே நீண்டிருக்கும் டிரெய்லர் சாலையோரம் நிற்கிறது. பைக்கில் வருகிறவருக்கு அது பக்கத்தில் வந்த பிறகே தெரிகிறது.

மீண்டும் முன்பாரத்துக்கு வருவோம். அமெரிக்கப் பண்ணைகளில் பிக்கப் வண்டியின் பின்னால் கட்டும் டிரெய்லர்களில் கூஸ்நெக் என்றொரு வகை உண்டு. அதன் கழுத்து வளைந்து ஏறி, பிக்கப்பின் தொட்டிக்குள் பின் அச்சுக்கு நேர் மேலே இருக்கும் இரும்புக் குண்டில் உட்காரும். வண்டியின் வாலில் மாட்டும் சாதாரண டிரெய்லரில் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் முன்பாரம் வைப்பார்கள்; இதில் பதினைந்திலிருந்து இருபத்தைந்து வரை வைக்கலாம். அழுத்தம் அச்சின் மேலேயே இறங்குவதால் முன்சக்கரம் எழும்பாது, டிரெய்லர் வால் ஆட்டுவதும் குறையும், குறுகலான வாசலிலும் திரும்பும். விலையாகத் தொட்டியின் இடம் போய்விடும். நம் டிராக்டருக்குத் தொட்டி கிடையாது, அதனால் அந்த ஏற்பாடு இங்கே அப்படியே பொருந்தாது. ஆனால் நுகத்தடியைத் தூக்கிப் பார்த்த கைக்கு அதன் கணக்கு உடனே புரிந்திருக்கும்.

மாட்டிலிருந்து டிராக்டருக்கு மாறியதில் கிடைத்தது எது என்பதில் சந்தேகமில்லை. வெட்டிய கரும்பு காத்திருந்தால் சர்க்கரைச் சத்து இறங்கும். சில வண்டிகள் நாள் முழுக்க இழுத்ததை இன்று ஒரு டிராக்டர் ஒரே நடையில் கொண்டுபோய்விடுகிறது. மாட்டின் கழுத்துப் புண்ணும் போனது. இழந்தவற்றில் ஒன்று கூலி. முன்பு வண்டிக்கு ஒரு குடும்பமாகப் பிரிந்த வாடகை இப்போது ஒரே டிராக்டர்காரரிடம் சேர்ந்து, அங்கிருந்து டீசலுக்கும் தவணைக்கும் போகிறது. இன்னொன்று தூக்கம். பாரம் இறக்கித் திரும்பும் வண்டிக்காரர் வைக்கோல் மேல் படுத்துவிடுவார். மாடு வழி தெரிந்து வீடு சேர்க்கும். டிராக்டர் ஓட்டுநர் ஆலை வாசல் வரிசையில் இரவெல்லாம் விழித்துக் கிடந்துவிட்டு, திரும்பும்போதும் விழித்துத்தான் இருக்க வேண்டும்.

சில்லறைச் சரக்கு டிராக்டரிடமிருந்தும் போய்விட்டது. 2005இல் வந்த டாடா ஏஸுக்கு ஊரார் வைத்த பெயர் குட்டி யானை. தக்காளிக் கூடையும் வாழைத்தாரும் இப்போது அதில்தான் சந்தைக்குப் போகின்றன. மாட்டு வண்டிக்கென்று மிஞ்சியவற்றுள் ஒன்று காவிரிப் பக்கத்து மணல். அங்கே சில இடங்களில் மாட்டு வண்டிகளுக்கு மட்டும் தனிக் குவாரி ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு வண்டி அள்ளிக்கொண்டு போகக்கூடிய மணல் கொஞ்சம்தான்.