தைலமரமும் வீட்டிலுள்ள தைலக் குப்பியும்

சளி பிடித்தால் நீலகிரித் தைலத்தை நாடுவது நம் இல்லங்களில் நெடுநாள் வழக்கம். அத்தைலத்தைத் தரும் மரத்தின் இயல்பை அறிந்தால், அதனை எவ்வாறு கையாள வேண்டும் என்பதும் விளங்கும்.

யூகலிப்டஸ் குளோபுலஸ் என்னும் இத்தைலமரத்தின் தாயகம் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதி; குறிப்பாகத் தாஸ்மேனியாத் தீவும் விக்டோரியா மாநிலத்தின் தென்பகுதியும் ஆகும். குளிர்ச்சியும் போதிய மழையும் உள்ள இடங்களில் இது செழித்து வளரும். அத்தகைய தட்பவெப்பம் கொண்ட நீலகிரிக்கு இம்மரம் 1843ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்டது. பின்னர் விறகுத் தேவைக்காகப் பெருமளவில் நடப்பட்டது.

நல்ல மண்ணில் இது 60 மீட்டருக்கும் மேலாக உயரும். பட்டை நீண்ட நாடாக்களாக உரிய, வழவழப்பான அடிமரம் வெளிப்படும். இளங்கன்றின் இலைகள் காம்பின்றி, எதிரெதிராக, நீலச் சாயலுள்ள வெண்பூச்சுடன் இருக்கும். முதிர்ந்த இலைகளோ அரிவாள்போல் வளைந்து, காம்புடன் தொங்கும். மொட்டின் மூடி கழன்று விழுந்தபின், வெண்ணிற மகரந்தத் தாள்கள் விரியும்.

இலையை ஒளிக்கெதிரே பிடித்தால் நுண்புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். அவ்வெண்ணெயின் பெரும்பகுதி சினியோல் என்னும் வேதிப்பொருள். இலையைத் தின்ன வரும் உயிரினங்களிடமிருந்து மரத்தைக் காக்க இது உதவுகிறது. கோலா போன்ற சில விலங்குகளின் கல்லீரலே இதன் நச்சைத் தாங்கவல்லது. மனிதக் குழந்தையின் உடலுக்கு அவ்வாற்றல் இல்லை.

ஆகவே, நறுமணம் உள்ளதெல்லாம் தீங்கற்றது என எண்ணலாகாது. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர் தைலம் விழுங்கினாலே சிறு குழந்தைக்கு வலிப்பும் நினைவிழப்பும் நேரக்கூடும். எனவே பெற்றோரும் தாத்தா பாட்டியரும் பின்வருவனவற்றை மனத்திற்கொள்ள வேண்டுகிறோம்.

தைலத்தை எவருக்கும் உள்ளுக்குக் கொடுக்கலாகாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தைலம் தடவ வேண்டாம். எந்தக் குழந்தைக்கும் மூக்கிலோ முகத்திலோ பூசவே கூடாது. கொதிநீரில் தைலமிட்டுக் குழந்தைக்கு ஆவி பிடிப்பதையும் தவிர்க்கவும். வெந்நீர் கவிழ்ந்து தீப்புண் உண்டாகலாம். குப்பியை இருமல் மருந்துடன் சேர்த்து வைக்காமல், உயரத்தில் பூட்டி வைக்கவும்.

குழந்தை தவறுதலாக விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் சென்றுவிடும். அறிகுறி தோன்றும்வரை காத்திராமல், குப்பியையும் எடுத்துக்கொண்டு உடனே அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வரவும். எவ்வளவு உட்சென்றது என்பதை மதிப்பிட அக்குப்பி எங்களுக்குப் பெரிதும் உதவும்.