இறந்தவரோட பைக், போன், செயின் போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கா?

வீட்ல ஒருத்தர் விபத்துல இறந்துட்டா, அவரோட பைக், போன், செயின் எல்லாம் ஸ்டேஷனுக்குப் போயிடும். கேட்டா, "கேஸ் முடியட்டும்"னு சொல்வாங்க. கேஸ் முடிய வருஷக்கணக்குல ஆகும், அதுக்குள்ள பைக் மழையில துருப்பிடிச்சுடும். அவ்வளவு நாள் காத்திருக்கத் தேவையில்ல.

கேட்க வேண்டிய இடம் ஸ்டேஷன் இல்ல, மாஜிஸ்திரேட் கோர்ட். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 497, 503 பிரிவுகளில் (பழைய 451, 457) மனு போடலாம். போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டுப் பொருளைச் சீக்கிரம் திருப்பிக் கொடுக்கணும்னு 2002லயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

எஃப்.ஐ.ஆர்., மகஜர் நகல், இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், ஆர்.சி., நகைன்னா பில் இருந்தா அதையும் சேருங்க. மற்ற வாரிசுகள்கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து வாங்கிடுங்க. அண்ணன் தம்பிக்குள்ள பேச்சுவார்த்தை இல்லாத வீடுகள்ல மனு இங்கதான் இழுக்கும்.

ஆர்டர் வந்தாலும் அது இடைக்காலப் பொறுப்புதான், சொத்துரிமை இல்ல. பாண்ட் எழுதிக் கொடுத்துதான் வாங்குவீங்க; கோர்ட் கேட்டா கொண்டு போய்க் காட்டணும். செயினை விக்கறதோ, போனை ஃபார்மட் பண்றதோ வேண்டாம்.

போன் வர லேட் ஆகலாம், தடயவியல் ஆய்வுக்குப் போயிருந்தா இன்னும் லேட். அதுல ஓ.டி.பி. வருதேன்னு பேங்க் வேலையை நிறுத்தி வைக்காதீங்க. நாமினி க்ளெய்முக்கு இறப்புச் சான்றிதழும் நாமினியோட கே.ஒய்.சி.யும்தான் முக்கியம், இறந்தவரோட போன் இல்ல. போன் கிடைச்ச பிறகும் அவர் பின் நம்பரைப் போட்டுப் பணத்தை மாத்தாதீங்க. நாளைக்கு மற்ற வாரிசு கேள்வி கேட்டா பதில் சொல்றது கஷ்டம்.