மழை காட்டிக்கொடுத்த துறைமுகம்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்குபவர்கள் நேராகப் பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போய்விடுகிறார்கள். பக்கத்திலேயே, ஆவணக் காப்பகக் கட்டடத்தில், 2022-இல் திறந்த ஓலைச்சுவடி அருங்காட்சியகம் இருக்கிறது. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை என்று பல எழுத்துகளில் நிலக்கணக்கும் வரிக்கணக்கும். நடுவே 1741-இல் நடந்த குளச்சல் போரின் செய்தியும். தொல்லியலாளர்கள் மண்வெட்டியைத் தொடுமுன் புரட்டுவது இப்படிப்பட்ட ஏடுகளைத்தான்.

எல்லா இடத்துக்கும் ஏடு கிடைக்காதே! எறணாகுளம் மாவட்டம் பட்டணம் கிராமத்தில் மழைதான் துப்புக் கொடுத்தது. மழை ஓய்ந்தால் மண்ணில் பழைய கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் தெரியும். பிள்ளைகள் பொறுக்கி விளையாடுவார்கள். கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் 2007-இல் அங்கே குழி வெட்டியது. சுமார் 6 மீட்டர் நீளத்தில் ஆஞ்சிலி மரத் தோணி ஒன்று கிடைத்தது. கூடவே, மது கொண்டுவந்த ரோமானிய ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள்.

ஓடு ரோமானியம் என்று எப்படித் தெரியும்? உடைந்த விளிம்பை லென்ஸில் பார்த்தால் சிலவற்றில் கருமணல் துகள்கள். அது எரிமலை மணல். இத்தாலியின் வெசூவியஸ் மலைப் பக்கத்து மண். முத்திரை எதுவும் வேண்டியதில்லை.

பட்டணம்தான் பழைய முசிறித் துறைமுகமா? அந்த வழக்கு அறிஞர்களிடையே இன்னும் நடக்கிறது.