முத்துக் குளிப்பவரும் ஹால் உணரியும்



நம் தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மன்னார் வளைகுடாவில் 1961ஆம் ஆண்டோடு முத்துக் குளிப்பு நின்றுவிட்டது. ஆயினும் குளிப்பவரின் முறை நம் நினைவில் இருக்கிறது. கல்லைக் காலில் மாட்டி மூச்சடக்கி இறங்குவார், ஏறக்குறைய ஒரு நிமிடத்திற்குள் சிப்பிகளை வாரிக்கொண்டு மேலே வருவார், பிறகு இளைப்பாறுவார். இடையில் ஓய்வெடுத்ததால்தான் அவரால் தொடர்ந்து உழைக்க முடிந்தது. இதே முறையில் வேலை செய்யும் ஒரு சிறு மின்னணுப் பொருளைப் பற்றியதே இக்கட்டுரை. அதன் பெயர் ஹால் உணரி.

முதலில் ஒரு நிகழ்ச்சி. நம் மாணவியர் மூவர் அறிவியல் கண்காட்சிக்காக ஒரு கருவி செய்தனர். அவர்களுள் ஒருத்தியின் தந்தை வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். ஒரு நாள் ஐஸ் பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஐஸ் உருகி, அன்றைய மீன் பாதி கெட்டுப்போயிற்று. எனவே மூடி திறந்திருந்தால் ஒலி எழுப்பும் கருவி ஒன்றைச் செய்ய அப்பிள்ளைகள் முனைந்தனர். மூடியில் ஒரு காந்தம், பெட்டியின் விளிம்பில் ஒரு ஹால் உணரி, ஒரு பொத்தான் மின்கலம், ஒரு சிறு ஒலிப்பான், இவ்வளவே. கண்காட்சியில் எல்லாரும் பாராட்டினர். கருவி வள்ளத்திற்குப் போயிற்று. ஒரு மாதம் கழித்து மூடி மீண்டும் திறந்து கிடந்தது. கருவியோ ஊமையாய் இருந்தது. மின்கலம் தீர்ந்திருந்தது! கருவியை நம்பி மூடியைப் பார்க்காமல் விட்டதால் மறுபடியும் நட்டம். ஒலிக்காத எச்சரிக்கை, எச்சரிக்கையே இல்லாததைவிடப் பொல்லாதது அல்லவா? தவறு எங்கே நேர்ந்தது என்று பார்ப்போம்.

ஹால் விளைவு

1879ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எட்வின் ஹால் என்னும் ஆய்வு மாணவர் இருந்தார். காந்தத்தின் விசை கம்பியின் மேல்தான் செயல்படுகிறது, அதில் ஓடும் மின்னோட்டத்தின் மேல் அன்று என மேதை மாக்ஸ்வெல் எழுதியிருந்தார். அது ஹாலுக்குச் சரியாகப் படவில்லை. மெல்லிய தங்கத் தகட்டில் மின்னோட்டம் செலுத்தி, அதற்குக் குறுக்காகக் காந்தப்புலத்தை வைத்துச் சோதித்தார். தகட்டின் இரு பக்கங்களுக்கிடையே சிறு மின்னழுத்தம் தோன்றியது! எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டது 1897இல்தான் என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

காரணம் எளிது. ஓடும் மின்னூட்டங்களைக் காந்தப்புலம் ஒரு பக்கமாக ஒதுக்குகிறது. அப்பக்கத்தில் அவை கூடுவதால் மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது. தங்கத்தைவிடக் குறைக்கடத்தியில் இது பன்மடங்கு அதிகம். ஆகவே இன்று சிலிக்கன் சில்லு ஒன்றிலேயே ஹால் தகடும், அதன் சிற்றழுத்தத்தைப் பெருக்கும் சுற்றும், சாவியும் அமைகின்றன. மடிக்கணினியை மூடியதும் திரை அணைவதும், செல்போன் உறையை மூடியதும் விளக்கு அணைவதும் பெரும்பாலும் இதன் வேலையே.

உணரியின் உறக்கம்

சாதாரண ஹால் உணரி எந்நேரமும் விழித்திருந்து சில மில்லி ஆம்பியர் மின்னோட்டம் குடிக்கும். பெரிய பொத்தான் மின்கலமான சி.ஆர். 2032இன் கொள்ளளவு சுமார் 225 மில்லி ஆம்பியர்-மணி. உணரி 5 மில்லி ஆம்பியர் எடுத்தால் 45 மணி நேரத்தில், அதாவது இரண்டே நாளில், மின்கலம் காலி.

குறைமின் உணரி முத்துக் குளிப்பவரைப் போன்றது. வினாடிக்கு 20 முறை விழித்து, ஒவ்வொரு முறையும் 50 மைக்ரோ வினாடி மட்டும் பார்த்துவிட்டு உறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வினாடியில் அது விழித்திருப்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. விழித்திருக்கையில் 2 மில்லி ஆம்பியர் எடுத்தாலும் சராசரி 2 மைக்ரோ ஆம்பியரே. கணக்குப்படி பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் வரும். அதற்கு முன் மின்கலம் தானாகவே முதுமை அடைந்துவிடும்.

நம் பிள்ளைகள் வாங்கியதும் இத்தகைய நல்ல உணரிதான். பிறகு ஏன் ஒரு மாதத்தில் தீர்ந்தது?

மறைந்திருந்த கசிவு

சில உணரிகளின் வெளிமுனை 'ஓப்பன் டிரெயின்' வகையைச் சேர்ந்தது. அது மின்னழுத்தத்தைக் கீழே இழுக்கும். மேலே ஏற்றுவதற்கு நாம் ஒரு மின்தடையை இணைக்க வேண்டும். பிள்ளைகள் வழக்கம்போல் 10 கிலோ ஓம் தடையை வைத்தனர். மூடி மூடியிருக்கும்போது காந்தம் அருகில் இருக்கும். வெளிமுனை கீழே இழுக்கும். 3 வோல்ட்டில் அத்தடை வழியே 300 மைக்ரோ ஆம்பியர் ஓடும். ஐஸ் பெட்டி நாளெல்லாம் மூடியே இருப்பது அல்லவா? 225ஐ 0.302ஆல் வகுத்துப் பாருங்கள்: சுமார் 745 மணி, அதாவது 31 நாள்! உணரி குடித்தது 2. தடை குடித்தது 300.

தடையை 1 மெகா ஓம் ஆக்கினால் கசிவு 3 மைக்ரோ ஆம்பியராகக் குறையும். ஆனால் நம் உப்புக் காற்றில் பலகைமேல் படியும் ஈரமே அத்தடைக்கு ஈடாக மின்னோட்டத்தைக் கசியவிட்டு ஏமாற்றக்கூடும். எனவே தடையே தேவைப்படாத 'புஷ்-புல்' வெளிமுனை உள்ள உணரியே சிறந்தது. பிள்ளைகள் அதையே வாங்கி மாற்றினர்; பலகைமேல் மெழுகுப் பூச்சும் கொடுத்தனர்.

தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. வேகம்: பெட்டி மூடிக்கு வினாடிக்கு 5 முறை பார்த்தாலே போதும். ஆனால் சுழலும் காற்றுமானியிலோ நீர்மானியிலோ காந்தம் 10 மில்லி வினாடியில் கடந்துவிடலாம். வினாடிக்கு 20 முறை பார்க்கும் உணரி 50 மில்லி வினாடிக்கு ஒரு முறைதான் கண் திறக்கும். பல சுற்றுகளைத் தவறவிடும். அங்கே வினாடிக்கு 100 முறைக்கு மேல் பார்ப்பது வேண்டும். விழிப்பு கூடக் கூடச் செலவும் கூடும்.

2. உணர்திறன்: காந்தத்தை விட்டு விலக விலகப் புலம் விரைந்து குறையும். காந்தத்தின் அளவைவிடத் தொலைவு அதிகமாயின், தொலைவு இருமடங்கானால் புலம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகும். 1 சென்டிமீட்டரில் 160 காஸ் என்றால் 2 சென்டிமீட்டரில் 20 காஸ்தான். தரவுத்தாளில் 'வழக்கமான' இயங்கு புலத்தைப் பார்த்து மயங்காமல் 'அதிகபட்ச' அளவையே கணக்கில் கொள்ளுங்கள். ஒவ்வொரு உணரியும் சிறிது வேறுபடும். பூமியின் காந்தப்புலம் நம் பகுதியில் ஏறக்குறைய 0.4 காஸ்தான், ஆகவே அது உணரியை ஏமாற்றாது. ஒலிப்பெருக்கியின் காந்தம் ஏமாற்றக்கூடும்.

3. துருவம்: ஒரு துருவத்திற்கு மட்டும் இயங்குபவை உண்டு, இரண்டுக்கும் இயங்குபவை உண்டு. ஒரு துருவத்தால் இயங்கி, எதிர்த்துருவம் வரும்வரை அந்நிலையிலேயே நிற்பவையும் உண்டு. மூடிக்கு இரண்டாம் வகை ஏற்றது. காந்தத்தைத் திருப்பி ஒட்டிவிட்டாலும் கவலையில்லை.

4. மின்னழுத்தம்: பொத்தான் மின்கலம் 3 வோல்ட்டில் தொடங்கி 2 வோல்ட் வரை தேயும். 2.5 வோல்ட்டுக்குக் கீழ் இயங்காத உணரி, மின்கலம் முழுதும் தீருமுன்னரே நின்றுவிடும்.

5. காந்தம்: நியோடிமியம் வலிமை மிக்கது, ஆனால் மேற்பூச்சில் கீறல் விழுந்தால் கடற்காற்றில் துருப்பிடித்து உதிரும். ஃபெரைட் வலிமை குறைந்தது, துருப்பிடிக்காது. எதுவாயினும் வள்ளத்தின் திசைகாட்டிக்கு அருகில் வைக்காதீர்கள். பெட்டியைக் காக்கப்போய் வழியைத் தவறவிடலாகாது!

'ரீட்' என்னும் கண்ணாடிக்குழாய்ச் சாவியை வைக்கலாமே என்று சிலர் கேட்கலாம். அதற்குத் தனக்கென மின்சாரம் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் மூடியை ஓங்கி அறைந்தால் கண்ணாடி உடையலாம்; மேலே சொன்ன தடையின் கசிவு அதற்கும் உண்டு.

மாணவியரே! அக்கருவியில் உணரி தவறு செய்யவில்லை. கணக்குத்தான் பாதியில் நின்றுவிட்டது. ஒரு பொருளின் செலவைப் பார்த்தவர்கள், அதனோடு சேர்ந்த பொருளின் செலவைப் பார்க்கவில்லை. மாக்ஸ்வெல் எழுதியதையே கேள்வி கேட்டார் ஹால். நாமும் நம் கணக்கை ஒரு முறைக்கு இரு முறை கேள்வி கேட்போம். நம்மை நம்பிக் கடலுக்குப் போகிறவர்களுக்கு அதுவே நாம் செய்யும் உதவி.